மேற்படி மழை

உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு ஜிப் கோப்பு இருந்தால் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். கட்டம் கட்டமாக, வாயில் நுழையாத குறிகளாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிட்டால் ஒன்றும் ஆகாது. முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'பி', 'கே' என்று இருக்கும். அது ஒரு மனிதரின் இனிஷியல். ஃபிலிப் காட்ஸ் என்ற அமெரிக்கர் 1989-ல் ஜிப் வடிவத்தை அமைத்தார். அதை எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது என்ற விவரத்தையும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டுவிட்டார். 2000 ஏப்ரலில் 37 வயதில் இறந்துபோனார். இன்றைக்கும் உலகத்தில் கட்டப்படும் ஒவ்வொரு ஜிப் மூட்டையின் தலையிலும் அவர் பெயர் இருக்கிறது. பல ராஜாக்களுக்கு இந்த யோகம் கிடையாது. கல்வெட்டு தேய்ந்துவிடுகிறது.

'நான் ஜிப்பே உபயோகிப்பதில்லை' என்பவர்களுக்கு ஒரு தகவல். 2007-க்குப் பிந்தைய வேர்டு, எக்செல் கோப்புகள், ஆண்ட்ராய்டு ஆப்கள், ஈ-பப் புத்தகங்கள் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். சந்தேகமிருந்தால் ஒரு வேர்டு கோப்பைப் பிரதி எடுத்து, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டிக் கோப்புகளாக ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

ஜிப் செய்வது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. ஒன்று, பலதை ஒன்றாகக் கட்டுவது. மற்றது, கட்டியதைச் சுருக்குவது. இரண்டையும் ஒரே சொடுக்கில் செய்துவிடுவதால் நாம் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறோம். இவை வேறு வேறு என்பதைப் பார்க்க மிக நல்ல இடம் கம்ப்யூட்டர் வகுப்பு அல்ல, போடிநாயக்கனூர்.

போடிக்கு 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. அதில் போய் இறங்கினேன். மேற்கே சுவர் வைத்த மாதிரி மலை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் போடிக்குக் காற்றை மட்டும் அனுப்பும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, தாண்டினால் கேரளம். போடிக்காரர்கள் பலருக்கு வீடு தமிழ்நாட்டில், தோட்டம் இடுக்கி மாவட்டத்தில். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் இது. முன்பு கூவி விட்டார்கள். 2007-லிருந்து வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டன் தட்டுகிறார்கள்.

என் நண்பருக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். அவர் சொன்னது: "பச்சைக் காயை அப்படியே சாக்குல கட்டினா ரெண்டே நாள்ல பூசணம் பூத்துரும்ணே. மொதல்ல உலர்த்தணும். அஞ்சு கிலோ பச்சை போட்டா ஒரு கிலோ வரும். அதுக்கப்புறம்தான் சல்லடை, சாக்கு எல்லாம்." உலர்த்துவது வேறு, சாக்கில் கட்டுவது வேறு. யூனிக்ஸ்காரர்களும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'டார்' என்ற கட்டளை, கோப்புகளைச் சாக்கில் கட்டும். ஒரு பைட்கூடச் சுருக்காது. 'ஜிஜிப்' என்பது சுருக்கும். அதற்குக் கட்டத் தெரியாது. பைதான் மொழியில் ஜிப் செய்ய ஒரு மாட்யூல் கூடவே வருகிறது. அதில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சும்மா கட்டி மட்டும் வைக்கும். சுருக்கவும் வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கவேண்டும். 'ஜிப் பண்ணினேன், சைஸ் குறையவே இல்லையே' என்று தலையைச் சொறிபவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

சுருக்காமல் கட்டி என்ன லாபம் என்று கேட்கலாம். இதற்கும் அந்த மலையிலேயே பதில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. விஷயம் என்னவென்றால், கம்பிவடத்தில் தேயிலையைப் பிடி பிடியாக அனுப்ப முடியாது. பெட்டி வேண்டும். கம்ப்யூட்டரிலும் ஆயிரம் சின்னக் கோப்புகளைத் தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கதவு திறந்து, பெயர் எழுதி, கதவு மூடவேண்டும். ஒரே மூட்டையானால் ஒரு தடவை. எதுவும் வழியில் சிந்தவும் சிந்தாது.

நண்பருக்கு ஒரு மூட்டை அனுப்பவேண்டியிருந்தது. அவருடைய அப்பா 1971-லிருந்து 2008 வரை, தோட்டத்தில் தினம் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு நோட்டு, வாரத்துக்கு ஒரு பக்கம். 52 வாரம் போக மிஞ்சும் ஒன்றிரண்டு நாள், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில். மொத்தம் 38 நோட்டு. மலை ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்து, இன்னும் நாலு மழைக்காலம் தாங்குமா என்பது சந்தேகம்.

இதெல்லாம் இப்போது எதற்கு? 2019 ஆகஸ்டில் ஏலக்காய் விலை ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. அடுத்த சில வருஷங்களில் அது சரிந்தது ஒரு பக்கம். 2024 கோடையில் இடுக்கியில் தோட்டம் தோட்டமாகச் செடி கருகியது இன்னொரு பக்கம். கடன் வாங்கிப் பெரிய குளம் வெட்டுவதா, கோடை மழையை நம்பி இன்னும் இரண்டு வருஷம் தள்ளுவதா என்பது நண்பரின் கேள்வி. "எங்க அப்பா காலத்துல மார்ச், ஏப்ரல்ல எத்தனை மழை வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒரு முடிவுக்கு வரலாம்ணே." வெளிநாட்டில் என்ஜினீயராக இருக்கும் மகன், "எல்லாத்தையும் அனுப்புங்கப்பா, பாத்துச் சொல்றேன்" என்றிருக்கிறான். அந்த ஒரு சரிவில், அந்த ஒரு தோட்டத்தில் பெய்த மழையை இத்தனை வருஷம் எழுதியவர் வேறு யாருமில்லை.

நண்பர் ஒரு ஸ்கேன் ஆப் வைத்து ஃபோனில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிட்டார். 38 நோட்டு, 52 பக்கம், 1,976 படங்கள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பைதான் தெரியும். 'ரைட் க்ளிக் பண்ணிக் கட்டினால் போதாதா?' என்று கேட்டேன்.

"கட்டலாம் பெரியப்பா. ஆனா அப்பா தினமும் நாலு பக்கம் சரியா விழலைன்னு மறுபடி எடுக்கிறாரு. ஒவ்வொரு தடவையும் எதைச் சேத்தேன், எதை விட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்காது. ஸ்க்ரிப்ட்டுக்கு இருக்கும்."

நியாயமான பதில். நிரலை இங்கே அப்படியே அச்சிட்டால் ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஓடாது. நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். பேச்சுத் தமிழில் சொல்கிறேன். 'ஜிப்ஃபைல் மாட்யூலைக் கூப்பிடு. மழை என்று ஒரு ஜிப் கோப்பை எழுதுவதற்காகத் திற. நோட்டு ஃபோல்டர்களுக்குள் ஒவ்வொன்றாக நுழை. உள்ளே இருக்கும் படத்தை எடுத்து மூட்டையில் போடு. தீர்ந்ததும் மூடு.' ஏழெட்டு வரி, அவ்வளவுதான். இதில் கடைசி வரி முக்கியம். எந்தெந்தக் கோப்பு மூட்டையில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலை ஜிப் கடைசியில், மூடும்போதுதான் எழுதுகிறது. நடுவில் கரண்ட் போனால் சரக்கு இருக்கும், சரக்குப் பட்டியல் இருக்காது. பாதி இறங்கிய ஜிப் கோப்பு திறக்க மறுப்பதும் இதனால்தான்.

ஸ்க்ரிப்ட் ஓடியது. நண்பர் எட்டிப் பார்த்து ஏமாந்துபோனார்.

"என்னத்தப் பாப்பா சுருக்கின? போட்டதும் ஒரு ஜிபி, வந்ததும் ஒரு ஜிபியா?"

தப்பு அவள் மேல் இல்லை. ஃபோன் எடுக்கும் ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. உலர்ந்த காயை மறுபடி உலர்த்துவது மாதிரி. எடை குறையாது, நேரம்தான் போகும். ஒரு வித்தியாசமும் உண்டு. ஜேபெக் சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத விவரங்களை ஆவியாக்கிவிடுகிறது. உலர்ந்த ஏலக்காயைத் தண்ணீரில் போட்டால் பச்சைக் காய் ஆகாது, ஜேபெக்கும் அப்படித்தான். ஜிப் அந்த ஜாதி இல்லை. ஒரு பிட் பிசகாமல் போட்டதைத் திருப்பித் தரும். அதனால்தான் வங்கிக் கணக்கை நம்பி அதில் போடுகிறோம். அந்தப் பெண் படங்களை வெறுமனே கட்டும்படிதான் எழுதியிருந்தாள். சரியான முடிவு.

அடுத்து மூட்டையைச் சோதிக்கச் சொன்னாள். ஜிப் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பிட்டில் ஒரு சோதனை எண் எழுதி வைக்கிறது. பைதான் எல்லாவற்றையும் படித்து, எண்ணை மறுபடி கணக்கிட்டு, கெட்டுப்போன முதல் கோப்பின் பெயரைச் சொல்லும். எதுவும் கெடவில்லை என்றால் 'நன்' என்று சொல்லும். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். 'நன்' வந்தது.

"ஃபோன் நெறைஞ்சு போச்சு பாப்பா. அழிச்சிரட்டுமா?" என்றார் நண்பர். விரல் ஏற்கெனவே குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் இருந்தது.

"இருங்கப்பா. இன்னும் பிரிச்சுப் பாக்கல."

ஒரு காலி ஃபோல்டரில் மூட்டையைப் பிரித்தாள். எண்ணினாள். 52 படங்கள் இருந்தன.

போட்டது 1,976. வந்தது 52.

நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார். கையெழுத்து நடுங்கியிருந்தது. "இது எங்க அப்பா கடைசி வருஷம் எழுதுனது" என்றார். 2008 மட்டும் இருந்தது. பாக்கி 37 வருஷத்து மழையைக் காணோம்.

அந்தப் பெண் ஐந்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஸ்கேன் ஆப் ஒவ்வொரு நோட்டிலும் பக்கங்களுக்கு 01, 02, 03 என்றுதான் பெயர் வைத்திருந்தது. நோட்டுக்கு ஒரு ஃபோல்டர் இருந்தவரை குழப்பமில்லை. ஆனால் மூட்டைக்குள் 'சி டிரைவ், யூசர்ஸ்' என்று நீளமான விலாசம் எதற்கு என்று, ஸ்க்ரிப்ட்டில் கடைசிப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். விலாசத்தோடு வருஷமும் போய்விட்டது. மூட்டைக்குள் 01 என்ற பெயரில் 38 படங்கள். உள்ளே எல்லாமே பத்திரமாக இருந்தன. அதனால் சோதனை எண்ணும் சரி, மூட்டையின் அளவும் சரி. ஆனால் பிரிக்கும்போது ஒரு 01 மேல் இன்னொரு 01 ஏறி உட்கார்ந்து, கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சியது. பைதான் சும்மா இருக்கவில்லை. 'பெயர் இரட்டிக்கிறது' என்று திரையில் வரிசையாக எச்சரித்திருக்கிறது. "வார்னிங்தானே, எரர் இல்லையேன்னு விட்டுட்டேன் பெரியப்பா" என்றாள். இந்த வாக்கியத்தை மருத்துவமனை வராந்தாவிலும் கேட்கலாம்.

அன்றைக்கு அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால்? மூட்டையைத் தோண்டி எடுக்க வழி இருக்கிறது. ஆனால் தோண்ட வேண்டுமென்று யாருக்குத் தெரிந்திருக்கும்? வெளிநாட்டில் மகன் பிரித்திருப்பான். 'ஏற்கெனவே இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்டிருக்கும். நம்மில் யாராவது அதற்கு 'எல்லாவற்றுக்கும் சரி' என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதுண்டா? அதற்குள் ஃபோனில் படம் போயிருக்கும். நோட்டுகளைப் பூச்சி பார்த்துக்கொண்டிருக்கும்.

திருத்தம் ஒரே வரி. படத்தின் பெயரோடு வருஷத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள்: 1971-ன் 01, 1972-ன் 01 என்று. கூடவே, மூட்டை கட்டி முடித்ததும் தானே ஒரு காலி ஃபோல்டரில் பிரித்து, போட்ட எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும், ஒவ்வொரு கோப்பின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்படி நாலு வரி சேர்த்தாள். 1,976 போனது, 1,976 வந்தது. நண்பருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஏத்தும்போதும் எடை போடணும், எறக்கும்போதும் எடை போடணும். அம்புட்டுத்தானே?" அம்புட்டுத்தான். மூட்டை இரண்டு இடங்களில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபோனில் கை வைக்க விட்டாள்.

கோப்புப் பெயர் பற்றி வந்ததால் ஒரு சின்னக் குறிப்பு. தமிழில் பெயர் வைக்க ஆசையிருந்தால் வையுங்கள், பைதான் அதை யூனிகோடில் சரியாகவே எழுதும். ஆனால் பழைய ஜிப் மென்பொருள்கள் சில, பெயர்களை ஐபிஎம் பிசி காலத்து எழுத்துவரிசையில் படித்து அலங்கோலமாகக் காட்டும். வருஷம்-மாதம்-தேதி என்று வெறும் எண்ணில் பெயர் வைத்தால் எந்த ஊரிலும் திறக்கும், வரிசையாகவும் நிற்கும். 'பாமினி' மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்த கடிதங்களைக் கட்டி வைப்பவர்கள், மூட்டைக்குள் அந்த ஃபான்ட்டையும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பேரன் திறந்து, தாத்தா ஏதோ ரகசிய மொழியில் எழுதியிருக்கிறார் என்று நினைப்பான்.

படங்கள் போய்ச் சேர்ந்தன. ஆனால் படத்தைக் கூட்டிக் கழிக்க முடியாது. அதனால் இப்போது சாயங்காலங்களில் அப்பா நோட்டைப் பார்த்து வாசிக்க, மகள் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, கமா, மில்லிமீட்டர். 38 வருஷத்துக்கு 13,880 நாள். வரிக்குப் பதினைந்து பைட் என்றாலும் மொத்தம் 200 கேபி சுமார். நோட்டின் ஒரே ஒரு பக்கத்தை எடுத்த படத்தைவிடச் சின்னது. அதையும் ஜிப் இன்னும் சுருக்கும், இந்தத் தடவை நிஜமாகவே.

எப்படிச் சுருக்குகிறது? நம் பத்திர எழுத்தர்கள் செய்வதைத்தான். 'மேற்படி கிராமம், மேற்படி சர்வே எண், மேற்படியார்' என்று எழுதுகிறார்கள் அல்லவா? 1977-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பெல் இருவரும் அதைக் கணிதமாக்கினார்கள். முன்னால் வந்த சொல் மறுபடி வந்தால் முழுதாக எழுதாதே. 'இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்து எடுத்துக்கொள்' என்று குறிப்பு மட்டும் எழுது. (இருவரும் 2023-ல் இரண்டு மாத இடைவெளியில் காலமானார்கள்.) இதன் மேல், ஹஃப்மன் என்பவர் 1952-ல் வெளியிட்ட இன்னொரு உபாயம். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அபூர்வமாக வருவதற்கு நீளமான குறி. வீட்டில் நாள் முழுக்கக் கூப்பிடும் பிள்ளைக்கு 'சுப்பு', வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மாமாவுக்கு முழுப்பெயர். காட்ஸ் இந்த இரண்டையும் சேர்த்ததுதான் ஜிப்பின் சுருக்கும் முறை.

தமிழுக்கு இதில் ஆதாயம் அதிகம். பரவலாக உபயோகிக்கும் யூனிகோட் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஏலக்காய்க்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, எட்டு பைட். தமிழில் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து எட்டுக் குறி, 24 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கும்போது அந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

நண்பரின் அப்பாவுக்கு ஸிவ்வும் தெரியாது, லெம்பெல்லும் தெரியாது. ஆனால் மழையில்லாத மாதங்களில் தேதிக்கு நேரே ஒரு தடவை 'மழை இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்த நாட்களுக்கு 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார். சில வாரங்களில் 'தூறல், அளக்க முடியவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே மேற்படி.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. மேற்படிக்கு மேலே இருப்பது அழிந்தால் மேற்படிக்கு அர்த்தமில்லை. ஜிப்பிலும் இதே கதிதான். சுருக்கிய கோப்பின் நடுவில் ஒரு பைட் கெட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சந்தேகம். எவ்வளவு சுருக்குகிறீர்களோ அவ்வளவு பத்திரமாக வைக்கவேண்டும். 1983 நோட்டில், மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்றின் மேல்பாதியைப் பூச்சி தின்றிருக்கிறது. கீழே நான்கு நாட்களுக்கு மேற்படி இருக்கிறது. மழை இல்லையா, தூறலா?

நண்பர் "மார்ச்தானே, சைபர் போட்டுரு" என்றிருக்கிறார். அவள் போடவில்லை. தேதி, கமா, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"சைபர் போட்டா மழை பெய்யலைன்னு ஆயிரும் பெரியப்பா" என்றாள்.